சுருக்கி எழுதினால் அவமரியாதையா?

(வானொலி மறையுரை)



டிசம்பர் பிறந்தால் கும்மிடிப்பூண்டி கடைவீதியிலும் 'எக்ஸ்மஸ் தள்ளுபடி' பதாகைகள் ஏறிவிடும். "கிறிஸ்துவின் பெயரை வெட்டிவிட்டு அந்த இடத்தில் பெருக்கல் குறி போடுகிறார்களே சாமி, இது தகுமா?" என்று மனம் நொந்து கேட்பவர்கள் உண்டு. சிப்காட்டில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த வருத்தம் இன்னும் கூடுதலாக இருக்கலாம். பழுதென்று கழித்த பொருளின்மேல் போடுகிற குறி அல்லவா அது!

ஆனால் அந்த எழுத்து ஆங்கில எக்ஸ் அல்ல. கிரேக்க மொழியில் 'கிறிஸ்தோஸ்' என்று எழுதினால் வருகிற முதல் எழுத்து அது. அதன் பெயர் 'கி'. நாமும் கி.மு., கி.பி. என்று கிறிஸ்துவை அதே 'கி'யால்தானே குறித்து வந்தோம்? தற்செயலான ஒற்றுமைதான், என்றாலும் அழகான ஒற்றுமை. (இப்போது பள்ளிப் பாடநூல்களில் 'பொ.ஆ.' வந்துவிட்டது. அந்த ஒற்றை எழுத்து போன பிறகுதான், அதற்குள் யார் இருந்தார் என்று பலர் யோசித்தார்கள்.)

தொடக்கத் திருச்சபையில் புதிய ஏற்பாட்டைக் கையால் படியெடுத்தவர்கள் கடவுள், ஆண்டவர், இயேசு, கிறிஸ்து என்ற சொற்களைச் சுருக்கியே எழுதினார்கள். பெரும்பாலும் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் மட்டும் இருக்கும். மேலே ஒரு கோடு இருக்கும். 4-ம் நூற்றாண்டின் புகழ்பெற்ற சீனாய் கையெழுத்துப்படியிலும் இதைக் காணலாம். இடத்தை மிச்சப்படுத்தவா? அப்படியானால் மற்ற நீளமான சொற்களையும் அல்லவா சுருக்கியிருப்பார்கள்! புனிதமான பெயர் மற்றச் சொற்களோடு கலந்துவிடாமல் தனித்து நிற்கவே அந்த அடையாளம் என்பது அறிஞர் பலரின் கருத்து.

பீடங்களிலும் நற்கருணைப் பாத்திரங்களிலும் 'ஐ.எச்.எஸ்.' என்ற மூன்று எழுத்துகளைப் பார்த்திருப்பீர்கள். இவையும் கிரேக்கத்தில் இயேசுவின் பெயருடைய முதல் மூன்று எழுத்துகளே. 15-ம் நூற்றாண்டில் சியன்னா நகர் புனித பெர்னார்தீன், கதிர் வீசும் சூரியனுக்குள் இவற்றை எழுதிய பலகையை உயர்த்திப் பிடித்து மறையுரை ஆற்றினார். எழுத்தை வணங்கச் சொல்கிறார் என்று அவர்மீது குற்றம் சாட்டினார்கள். வழக்கு திருத்தந்தை ஐந்தாம் மார்ட்டின் வரை போனது; பெர்னார்தீன் குற்றமற்றவர் என்று தீர்ப்பானது. பின்னர் இயேசு சபையும் அந்த எழுத்துகளையே தன் முத்திரையாக்கிக்கொண்டது.

நம் பாட்டன்மார் செபப் புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். 'அர்ச்சியசிஷ்ட' என்ற நீண்ட சொல் 'அர்ச்.' என்றே அச்சாகியிருக்கும். அதற்காக யாரும் 'அர்ச் அந்தோனியாரே' என்று வேண்டிக்கொள்ளவில்லை. கண்ணுக்குச் சுருக்கம், வாய்க்கு முழுப்பெயர்.

மறுபக்கத்தையும் பாருங்கள். சிலுவையின்மேல் பிலாத்து வைத்த பலகையில் சுருக்கமே இல்லை. எபிரேயம், இலத்தீன், கிரேக்கம் என மூன்று மொழிகளில் முழுதாக எழுதப்பட்டிருந்தது (யோவா 19:19-20). நாம்தான் இன்று அதை நான்கு எழுத்தாகச் சுருக்கிப் பாடுபட்ட சுரூபத்தின்மேல் வைக்கிறோம். முள்முடி சூட்டிய படைவீரர்களும் 'யூதரின் அரசே' என்று முழுப் பட்டத்தையும் சொல்லி, முழந்தாளிட்டும் வாழ்த்தினார்கள் (மத் 27:29). அத்தனையும் ஏளனம்.

என்னைக் கேட்டால், 'எக்ஸ்மஸ்' பதாகையைவிட எனக்குக் கவலை தருவது 'ஆர்.ஐ.பி.' உடன் வேலை செய்தவர் இறந்த செய்தி வாட்ஸ்அப் குழுவுக்கு வந்ததும், ஷிப்டுக்குப் போகிற பேருந்தில் இருந்தபடியே மூன்று எழுத்தைத் தட்டிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். அது இறந்தவருக்காக, 'அமைதியில் இளைப்பாறுவாராக' என்று கேட்கும் இலத்தீன் மன்றாட்டின் சுருக்கம். எத்தனை பேர் அதை மன்றாட்டு என்று அறிந்து அனுப்புகிறோம்?

சிலுவை அடையாளத்தையும் சுருக்கிவிட்டோம். ஈ விரட்டுவதுபோல் ஒரு கையசைப்பு. அதற்குள் மூவொரு கடவுளின் பெயர் முடிந்துவிடுகிறது. திருப்பலியில் இயேசுவின் பெயரைச் சொல்லும்போது தலைவணங்க வேண்டும் என்று திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை (எண் 275) கேட்கிறது. நம் பங்குகளில் இன்று அதைச் செய்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள்தாம்.

ஆகவே வாழ்த்து அட்டையில் 'எக்ஸ்மஸ்' என்று எழுதிய பிள்ளையைத் திட்டவேண்டாம்; அந்த எழுத்து யாருடையது என்று சொல்லிக்கொடுங்கள். பாட்டிக்கு அது வருத்தம் தருமென்றால், 'கிறிஸ்மஸ்' என்றே எழுதச் சொல்லுங்கள். வலுவற்ற மனச்சான்றைப் புண்படுத்தாதிருக்கத் தூய பவுல் கேட்பது (1 கொரி 8) இறைச்சிக்கு மட்டுமல்ல, எழுத்துக்கும் பொருந்தும். அடுத்த முறை இறப்புச் செய்தி வந்தால், இறந்தவரின் பெயரைச் சொல்லி நித்திய இளைப்பாற்றி செபத்தை முழுதாகச் சொல்லுங்கள். பேருந்து அடுத்த நிறுத்தத்துக்குப் போவதற்குள் அது முடிந்துவிடும். பிறகு மூன்று எழுத்தைத் தட்டினாலும் சரி, தட்டாவிட்டாலும் சரி.