ஊரும் உரிமையும்: ஹண்டிங்டன் நகரத்துப் பெரியோர்

ஓர் ஊரின் வரலாற்றை எழுதுவோர், அவ்வூரொடு தொடர்புடைய பெரியோரின் பெயர்களை நிரல்படத் தொகுத்துத் தருதல் வழக்கம். அந்நிரலில் ஊரிற் பிறந்தோரும், பயின்றோரும், சில காலம் தங்கியோரும் வேறுபாடின்றி ஒருங்கே எண்ணப்படுவர். தொடர்பு என்னும் சொல் ஒன்றேயாயினும் அதன் தன்மை பலவாகும். அவ்வேறுபாட்டை உணராவிடின் ஊருக்கு உரியதல்லாத புகழை ஊருக்கு ஏற்றிவிடுவோம். உண்மையான உறவையோ காணத் தவறுவோம். இதனை இங்கிலாந்து நாட்டுச் சந்தை நகரமாகிய ஹண்டிங்டனைக் கொண்டு ஈண்டு விளக்க முயல்வோம்.

ஊஸ் ஆற்றங்கரையில் அமைந்த இந்நகருக்கு 1205ஆம் ஆண்டில் ஜான் மன்னன் உரிமைப் பட்டயம் வழங்கினான். இங்கே 12ஆம் நூற்றாண்டில் எழுந்த அறச்சாலையொன்றின் எஞ்சிய பகுதி, 16ஆம் நூற்றாண்டில் இலத்தீன் கற்பிக்கும் பள்ளியாயிற்று. 1962 முதல் அது கிராம்வெல் காட்சியகமாக விளங்குகிறது.

ஆலிவர் கிராம்வெல் 1599 ஏப்ரல் 25ஆம் நாள் இவ்வூரிற் பிறந்தார், அப்பள்ளியிற் பயின்றார், 1628இல் இவ்வூரின் சார்பாகப் பாராளுமன்றம் புகுந்தார். இம்மூன்றையும் நோக்குவார், ஊருக்கு முழுதும் உரியவர் இவரே என்பர். ஆயின் நிகழ்ந்தது வேறு. 1630இல் வந்த புதிய பட்டயம் நகர்மன்றப் பதவிகளை வாழ்நாள் உரிமையாக்கிற்று. கிராம்வெல் அதனைக் கடுஞ்சொற்களால் எதிர்த்தார். மன்னரின் பிரிவி கவுன்சில் அவரை அழைத்து விசாரித்தது. மறு ஆண்டே தம் சொத்துகளில் பெரும்பகுதியை விற்று, அணித்தேயுள்ள செயின்ட் ஐவ்ஸ் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்து, குத்தகை உழவராய் வாழ்ந்தார். 1640இல் அவர் மீண்டும் பாராளுமன்றம் புகுந்தது கேம்பிரிட்ஜ் நகரின் சார்பாகவே. 1901இல் அவருக்குச் சிலை எழுந்ததும் செயின்ட் ஐவ்ஸ் சந்தைத் திடலிலேயே ஆகும்.

நாட்குறிப்பால் புகழ்பெற்ற சாமுவேல் பீப்ஸ் 1633இல் இலண்டனிற் பிறந்தவர். கிராம்வெல் பயின்ற அதே பள்ளியில் 1644ஐ ஒட்டிச் சிறிது காலம் பயின்றார். பிறப்பால் அவர் அயலவர். எனினும், 1667இல் டச்சுக் கப்பற்படை மெட்வே ஆற்றினுள் புகுந்து இலண்டனை அச்சுறுத்தியபோது, தம் பொன்னை ஹண்டிங்டனுக்கு அருகிலுள்ள பிராம்ப்டன் இல்லத்திற்கே அனுப்பினார். மனைவியும் தந்தையும் அதனைத் தோட்டத்திற் புதைத்தனர். அக்டோபரில் அவரே சென்று தோண்டி எடுத்தார். இடர் வந்துழி நம்பிச் சென்ற இடம் இதுவே என்பது நோக்கத்தக்கது.

இவ்விருவரையும் இணைப்பது நகரையடுத்த ஹின்சிங்புரூக் மாளிகை. கிராம்வெல் குடியினர்க்கு உரியதாயிருந்த அது, 1627இல் மாண்டேகு குடியினர்க்கு விற்கப்பட்டது. அக்குடியிற் தோன்றிய எட்வர்டு மாண்டேகு, உள்நாட்டுப் போரில் கிராம்வெல்லின் பக்கம் நின்றவர். அவரே 1660இல் கப்பற்படைத் தலைவராய் இரண்டாம் சார்லசு மன்னனை நாட்டிற்கு மீட்டுக் கொணர்ந்தார். அப்பயணத்தில் அவர்க்குச் செயலாளராய் உடன் சென்றவர் உறவினராகிய பீப்ஸ். முடியாட்சியை வீழ்த்தியவரும், அது மீண்டதற்குச் சான்றாய் நின்றவரும் ஒரு பள்ளியின் மாணவரே. ஆதலின் ஓர் ஊர் ஒரு கொள்கையையே வளர்க்கும் எனக் கொள்ளுதல் பொருந்தாது.

கவிஞர் வில்லியம் கூப்பர், மனநோயினின்று தேறி 1765இல் இந்நகர்க்கு வந்தார். அன்வின் குடும்பத்தார் அவரைத் தம் இல்லத்தில் ஏற்றனர். 1767இல் குடும்பத் தலைவர் குதிரையினின்று வீழ்ந்து இறக்கவே, கூப்பரும் அவர்தம் மனைவி மேரி அன்வினும் ஓல்னி என்னும் ஊருக்குச் சென்றனர். கூப்பரின் பெயர்பெற்ற நூல்கள் அதன் பின்னரே வெளிவந்தன. அவற்றின் பெருமை ஹண்டிங்டனுக்கு உரியதன்று. ஆயினும் மேரி 1796இல் மறையுங்காறும் அவரைத் தாங்கிய நட்பு இங்கேதான் முகிழ்த்தது.

ஒருவர் பூசலால் நீங்கினார். ஒருவர் நம்பித் திரும்பினார். ஒருவர் ஆதரவு பெற்று உயிர்த்தார். பிறப்பிடம் ஒன்றனையே அளவுகோலாகக் கொள்ளின் பின்னிருவரும் விடுபடுவர். முன்னவரின் மனக்கசப்பும் மறைந்துபோம். ஆகலின் ஊர் வரலாறு எழுதுவார், பெயரொடு நில்லாது உறவின் இயல்பையும் ஆராய்ந்து உரைத்தல் வேண்டும் என்பது எம் கருத்து.