ஆடாத காட்சி: பாதி கருவி, பாதி கால்

தெருவில் நடந்துகொண்டே கடைகளின் பெயர்ப் பலகைகளைப் படிக்கிறோம். ஒவ்வோர் அடிக்கும் தலை ஏறி இறங்குகிறது. ஆனாலும் எழுத்துகள் அசையாமல் நிற்கின்றன. அதே தெருவில், அதே வேகத்தில் நடந்தபடி கைபேசியில் வீடியோ எடுத்துப் பாருங்கள். பலகைகள் குதிக்கும், கட்டடங்கள் ஊசலாடும். நடந்தவர் ஒருவர்தான். கண் கண்டது ஒன்று, கேமரா கண்டது வேறொன்று.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் நம் காதுக்குள் இருக்கிறது. உட்செவியில் உள்ள மூன்று அரைவட்டக் குழல்கள் தலை எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதை உணர்கின்றன. அந்தச் செய்தி கிடைத்ததும், சுமார் 10 மில்லி விநாடிக்குள், கண்கள் எதிர்த்திசையில் திரும்பிவிடுகின்றன. இது நம்மைக் கேட்டு நடப்பதில்லை. முழுக்க அனிச்சைச் செயல். காசநோய்க்குக் கொடுக்கப்படும் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து இந்த உறுப்பைச் சிதைக்கக்கூடியது. அப்படிப் பாதிக்கப்பட்ட மருத்துவர் ஒருவர் 1952இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் தன் நிலையை எழுதினார். பலகையில் உள்ளதைப் படிக்க அவர் நடையை நிறுத்த வேண்டியிருந்தது. படுத்தபடி புத்தகம் படிக்கும்போது, நாடித் துடிப்பு தரும் அசைவே எழுத்துகளைக் கலைத்ததால், கட்டிலின் தலைமாட்டுக் கம்பிகளுக்கு இடையே தலையை இறுக்கி வைத்துக்கொண்டார்.

சாதாரணக் கேமரா அந்த மருத்துவரின் நிலையில்தான் உலகைப் பார்க்கிறது. அதற்கு ஓர் உட்செவியைச் செய்து தரும் முயற்சியே ஸ்டெபிலைசர். இன்று கைபேசிக்கான கிம்பல் முதல் திரைப்படத்துக்கான ஸ்டெடிகேம் வரை பலவகைக் கருவிகள் கிடைக்கின்றன. வாங்குபவர்கள் விலையைக் கேட்கிறார்கள், பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்று கேட்கிறார்கள். இது எந்த ஆட்டத்தைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்று கேட்பவர்கள் குறைவு. முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

ஆட்டம் இரண்டு வகை

கேமராவின் அசைவை இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று சுழற்சி: லென்ஸ் இடவலமாகத் திரும்புவது, மேலும் கீழும் நிமிர்ந்து குனிவது, பக்கவாட்டில் சாய்வது. பான், டில்ட், ரோல் என்று தொழிலில் இவற்றைச் சொல்வார்கள். மற்றொன்று இடப்பெயர்ச்சி: கேமரா நோக்கும் திசை மாறாமல், இருந்த இடத்திலிருந்து மேலே, கீழே, பக்கவாட்டில் நகர்வது.

இரண்டும் படத்தைக் கெடுக்கும் விதம் வேறு. முழுச்சட்டக சென்சார் உள்ள கேமராவில் 24 மி.மீ. அகலக் கோண லென்ஸைப் போட்டு, கை வெறும் 1 டிகிரி திரும்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 1920 பிக்சல் அகலமுள்ள வீடியோவில் காட்சி சுமார் 22 பிக்சல் நகரும். 200 மி.மீ. லென்ஸில் அதே 1 டிகிரி சுமார் 185 பிக்சல் நகர்த்திவிடும். எதிரே இருப்பது பக்கத்து மரமோ தொலைவில் உள்ள கோபுரமோ, எல்லாம் ஒரே அளவில் ஆடும். தூரத்துப் பறவையை ஜூம் செய்து கையில் பிடித்து எடுக்க முடியாமல் போவது இதனால்தான்.

இடப்பெயர்ச்சிக்குத் தூரம் முக்கியம். நடக்கும்போது உடல் ஒவ்வோர் அடிக்கும் 4 முதல் 5 செ.மீ. வரை ஏறி இறங்குகிறது. விநாடிக்கு ஏறக்குறைய 2 அடி வைக்கிறோம். கேமராவும் அப்படி 4 செ.மீ. உயர்ந்தால், அதே 24 மி.மீ. லென்ஸில் 1 மீட்டர் தள்ளி நிற்பவர் முகம் சுமார் 50 பிக்சல் குதிக்கும். 10 மீட்டர் தள்ளி நிற்பவர் 5 பிக்சல்தான் அசைவார். அருகில் உள்ளது அதிகமாகவும் தொலைவில் உள்ளது குறைவாகவும் ஆடுவதால், படத்தை மொத்தமாக இழுத்துச் சரிசெய்யும் மென்பொருளாலும் இதை முழுதாக நேராக்க முடியாது.

பிரௌன் இரண்டையும் தீர்த்தார்

1970களின் நடுப்பகுதிவரை, நகரும் காட்சியைச் சீராக எடுக்கத் தண்டவாளம் போட்டு அதன்மேல் கேமரா வண்டியைத் தள்ளுவார்கள். படிக்கட்டிலும் கரடுமுரடான தரையிலும் அது நடக்காது. அமெரிக்காவின் பிலடெல்பியாவைச் சேர்ந்த காரட் பிரௌன் இதற்குக் கண்ட தீர்வே ஸ்டெடிகேம்.

அதில் மோட்டார் கிடையாது. ஒரு நீண்ட கம்பத்தின் உச்சியில் கேமராவையும் அடியில் பேட்டரியையும் மானிட்டரையும் அவர் வைத்தார். எடை மையத்தை விட்டு விலகினால், திரும்புவதற்கு அது காட்டும் எதிர்ப்பு தூரத்தின் இருமடியாகக் கூடும். தூரம் இரட்டித்தால் எதிர்ப்பு நான்கு மடங்கு. இப்படிப் பரப்பிய எடையைக் கையின் சிறு நடுக்கத்தால் திருப்ப முடியாது. கம்பத்தை ஈர்ப்பு மையத்துக்குச் சற்று மேலே, எப்பக்கமும் தடையின்றிச் சுழலும் மூட்டில் தாங்கினார். சுழற்சி அடங்கியது. பிறகு அந்த மூட்டை, ஸ்பிரிங் பொருத்திய இரு பகுதிகள் கொண்ட ஒரு கையின் வழியே இயக்குபவரின் மார்புக் கவசத்தோடு இணைத்தார். உடல் ஏறி இறங்கும்போது அந்த ஸ்பிரிங் கை விரிந்து மடங்கும். கேமரா அதே உயரத்தில் மிதக்கும். இடப்பெயர்ச்சியும் அடங்கியது.

ஹால் ஆஷ்பி இயக்கி 1976இல் வெளிவந்த 'பவுண்ட் ஃபார் குளோரி' ஸ்டெடிகேம் பயன்பட்ட முதல் திரைப்படம். கிரேனில் நின்று இறங்கி வந்த பிரௌன், தரை தொட்டதும் அப்படியே கூட்டத்துக்குள் நடந்தார், காட்சி வெட்டப்படவில்லை. அதே ஆண்டு 'ராக்கி'யில் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தின் படிகளில் கேமரா நாயகனோடு ஏறியது. ஸ்டான்லி குப்ரிக்கின் 'தி ஷைனிங்' 1980இல் வந்தபோது, ஹோட்டல் தாழ்வாரத்தில் மூன்று சக்கர வண்டி ஓட்டும் சிறுவனின் பின்னால் தரையோடு தரையாகக் கேமரா சென்றது. 1978இல் இந்தக் கண்டுபிடிப்புக்கு ஆஸ்கர் விருது கிடைத்தது.

கைக்குள் வந்த கிம்பல்

கப்பல் எவ்வளவு ஆடினாலும் திசைகாட்டி மட்டமாக இருக்க, அதை ஒன்றுக்குள் ஒன்றாகச் சுழலும் வளையங்களில் தொங்கவிடுவது பழைய உத்தி. கிம்பல் என்பது அந்த வளைய அமைப்புதான். பறக்கும் டிரோன்களின் கேமராவை நிலைப்படுத்த அதன் ஒவ்வோர் அச்சிலும் மின்மோட்டார் பொருத்தினார்கள். 2013இல் ஃப்ரீஃபிளை நிறுவனத்தின் 'மோவி' அதைக் கையில் பிடிக்கும் கருவியாக்கியது. டிஜேஐ நிறுவனத்தின் 'ரோனின்' அடுத்த ஆண்டு வந்தது. சில ஆண்டுகளில் கைபேசிக்கான கிம்பல் பையில் போட்டுக்கொள்ளும் பொருளாகிவிட்டது.

இதன் உட்செவி ஒரு சிறிய சிலிக்கான் சில்லு. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத அளவுள்ள ஒரு துண்டு விநாடிக்குப் பல ஆயிரம் முறை அதிர்ந்துகொண்டிருக்கிறது. கருவி திரும்பினால் கோரியோலிஸ் விசை அந்த அதிர்வைப் பக்கவாட்டில் தள்ளும். தள்ளிய அளவே திரும்பிய வேகம். அதற்கேற்ப மோட்டார்கள் எதிர்த்திசையில் திரும்புகின்றன. இந்தக் கைரோஸ்கோப்பின் சிறுசிறு பிழைகள் நேரம் ஆக ஆகச் சேர்ந்துகொண்டே போகும் என்பதால், புவியீர்ப்பின் திசையை அறிய ஒரு முடுக்கமானியும் உடன் வேலை செய்கிறது. கார் நீண்ட வளைவில் திரும்பும்போது அந்த முடுக்கமானி ஏமாறும். வெளிப்புறத் தள்ளலையும் புவியீர்ப்போடு சேர்த்து எடுத்துக்கொள்ளும். அப்போது காட்சியில் அடிவானம் மெல்லச் சாய்வதைக் காணலாம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மூன்று மோட்டார்களும் மூன்று சுழற்சிகளையே தடுக்கின்றன. பிரௌன் சேர்த்த ஸ்பிரிங் கை கைக்கிம்பலில் இல்லை. ஏற்ற இறக்கத்தைத் தடுக்கும் பாதி வேலை பிடித்திருப்பவரின் உடலிடம் வந்துவிட்டது. விலை கூடிய கிம்பல் வாங்கியும் 'வீடியோ துள்ளுகிறதே' என்று பலர் வருந்துவதன் காரணம் இதுதான்.

எதை வாங்குவது?

முதலில், கையில் இருப்பதைச் சோதியுங்கள். கேனன் 1995இல் 75–300 மி.மீ. லென்ஸ் ஒன்றில் கொண்டுவந்த ஒளியியல் நிலைப்படுத்தல் இன்று பல கைபேசிகளில் உள்ளது. லென்ஸோ சென்சாரோ உள்ளுக்குள் நகர்ந்து நடுக்கத்தை ஈடுசெய்யும். நின்ற இடத்தில் எடுப்பதற்கு அது போதும். மின்னணு நிலைப்படுத்தல் படத்தின் ஓரங்களை வெட்டி, மிச்சத்தை நகர்த்திச் சரிசெய்கிறது. பகல் வெளிச்சத்தில் அது நன்றாக இருக்கும். இரவில் ஷட்டர் நெடுநேரம் திறந்திருப்பதால் ஒவ்வொரு படத்திலும் கலங்கல் முன்பே பதிந்துவிடுகிறது. படத்தை நேராக்கினாலும் கலங்கல் போகாது. மாலைக்குப் பிறகு நடந்தபடி எடுப்பவர்களுக்குத்தான் கிம்பல் உண்மையில் தேவை.

கேமராவுக்கு வாங்குவதென்றால் உடல், லென்ஸ், பேட்டரி, மைக் எல்லாவற்றையும் சேர்த்துத் தராசில் நிறுத்துப் பாருங்கள். கிம்பல் தாங்கும் எடை அதைவிடத் தாராளமாக இருக்கட்டும். அதற்காக மிகப் பெரியதை வாங்கவும் வேண்டாம். டிஜேஐ ஆர்எஸ் 3 மினி 2 கிலோ தாங்கும், ஆர்எஸ் 3 ப்ரோ 4.5 கிலோ தாங்கும். ஆனால் பெரியதன் சொந்த எடையே ஏறக்குறைய இரு மடங்கு. கல்யாண வீட்டில் காலை முதல் மாலைவரை தூக்கி நிற்கும் தோளுக்கு அந்த வித்தியாசம் தெரியும். கை சோர்ந்தால் எந்தக் கருவியாலும் பயனில்லை.

நிலையாக நின்று எடுப்பதற்குக் கிம்பல் வேண்டாம். முகூர்த்தத்துக்கும் மேடைப் பேச்சுக்கும் ட்ரைபாட்தான் நல்லது. நெரிசலான மண்டபத்தில் ஒற்றைக் கால் மோனோபாட் உதவும். மாப்பிள்ளை அழைப்பு போல ஆட்கள் நகர, நீங்களும் நகரும் இடத்தில் கிம்பலை எடுங்கள்.

சமன் செய்வது சடங்கல்ல

மோட்டார் பார்த்துக்கொள்ளும் என்று கேமராவை ஏனோதானோவென்று மாட்டக் கூடாது. 1.5 கிலோ கேமரா அச்சிலிருந்து 1 செ.மீ. விலகியிருந்தால், மோட்டார் இடைவிடாமல் சுமார் 0.15 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையை அதற்கே செலவிட வேண்டும். பேட்டரி சீக்கிரம் தீரும், மோட்டார் சுடும், காட்சியில் நுண்ணதிர்வு விழும். எனவே மின்சாரத்தை அணைத்துவிட்டு, லென்ஸ் மூடியைக் கழற்றி, பேட்டரியும் மெமரி கார்டும் போட்டு, ஜூம் அளவை முடிவுசெய்த பிறகு சமன் செய்யுங்கள். முதலில் டில்ட், அடுத்து ரோல், கடைசியில் பான். எந்தக் கோணத்தில் விட்டாலும் கேமரா அங்கேயே நின்றால் வேலை முடிந்தது.

ஷட்டருக்கும் ஒரு சொல். விநாடிக்கு 25 படம் எடுத்தால் ஷட்டர் 1/50 விநாடி இருப்பது வழக்கம். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், மண்டப விளக்குகளின் சிமிட்டலும் இந்த அளவில் தெரியாது.

கைபேசியை பைக்கின் ஹேண்டில்பாரில் மாட்டி எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சக்திவாய்ந்த மோட்டார் சைக்கிள் என்ஜின்களின் அதிர்வு கேமராவின் ஒளியியல் நிலைப்படுத்தல் அமைப்பைப் பழுதாக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் அறிவித்தது. அந்த வேலைக்கு ஆக்‌ஷன் கேமராதான் உகந்தது.

மீதிப் பாதி: நடை

தலையில் குடம் வைத்து வரும் பெண்களின் நடையைக் கவனித்தால் இந்தப் பாடம் புரியும். முழங்கால் சற்றே மடங்கியிருக்கும், அடி சிறிதாக இருக்கும், குதிகால் முதலில் பதிந்து பாதம் மெல்ல உருண்டு விரலில் முடியும், இடுப்புக்கு மேலே எல்லாம் ஒரே மட்டத்தில் போகும். கிம்பலோடு நடக்க வேண்டியதும் அப்படித்தான். இரண்டு கையாலும் பிடியுங்கள். முழங்கைகள் மடங்கி உடலுக்கு அருகில் இருக்கட்டும், ஆனால் விலாவில் ஒட்டக் கூடாது. மடங்கிய முழங்கையே உங்கள் ஸ்பிரிங். பழகுவதற்கு முன் அகலக் கோண லென்ஸையே பயன்படுத்துங்கள். சட்டகத்தின் ஓரத்தில் தூண், நாற்காலி போன்ற அருகிலுள்ள பொருள்கள் வராமல் பார்த்துக்கொண்டால் ஏற்ற இறக்கம் வெகுவாக மறையும். விநாடிக்கு 50 படம் எடுத்துப் பாதி வேகத்தில் ஓடவிட்டால் மிச்சத் துள்ளலும் தணியும். ஒவ்வொரு காட்சியின் தொடக்கத்திலும் முடிவிலும் சில விநாடிகள் அசையாமல் நில்லுங்கள். படத்தொகுப்பாளர் நன்றி சொல்வார்.

சீரான நகர்வுக்கு ஒரு காரணமும் இருக்க வேண்டும். ஒருவரைப் பின்தொடரவோ ஓர் இடத்தை உள்ளே நுழைந்து காட்டவோ கேமரா நகரட்டும். கருவி இருக்கிறது என்பதற்காக நகர்த்தினால் பார்ப்பவருக்கு அது விரைவில் அலுத்துவிடும்.

ஆகவே, வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடைக்குப் போகும் முன், இருக்கும் கைபேசியோடு வீட்டு வராந்தாவில் நடந்து எடுத்துப் பாருங்கள். காட்சி திரும்பித் திரும்பி ஆடினால் கிம்பல் அதைத் தீர்க்கும். தைரியமாகச் செலவு செய்யுங்கள். அடிக்கு அடி குதித்தால் முதலில் நடையை மாற்றுங்கள். அதற்குப் பணம் எதுவும் தேவையில்லை. அந்தப் பயிற்சி நாளை நீங்கள் வாங்கும் எந்தக் கருவிக்கும் உதவும்.