சாரலுக்குக் கிளம்பும் முன் ஐந்து நிமிடம்!

ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்தால், எங்கள் தென்காசி பக்கம் ரோடு முழுக்க வெளியூர் கார்கள்தான். மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று சுற்ற வரும் குடும்பங்களில், புளியோதரை முதல் மாற்றுத்துணி வரை பார்த்துப் பார்த்து எடுத்து வைப்பது பெண்கள்தான். ஆனால், காருக்குள் இருக்கும் பொத்தான்களைப் பற்றிக் கேட்டால், 'அதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்' என்று சொல்லி விடுகிறோம். பின் சீட்டில் பிள்ளைகளோடு உட்காருவது நாம்தானே!

2022 ஜூன் மாதம், நெல்லை மாவட்டம் பணகுடி அருகே லெப்பைக்குடியிருப்பில், நிறுத்தி வைத்திருந்த காருக்குள் ஏறி விளையாடிய மூன்று குழந்தைகள், வெளியே வர முடியாமல் மூச்சுத் திணறி இறந்து போனார்கள். நினைத்தாலே வயிறு பகீர் என்கிறது.

பின் கதவைத் திறந்து அதன் ஓரத்தைப் பாருங்கள். 'சைல்டு லாக்' என்ற சின்ன விசை இருக்கும். அதைப் போட்டு விட்டால், உள்ளேயிருந்து அந்தக் கதவைத் திறக்க முடியாது. ஓடும் காரில் அது பிள்ளைக்குக் காவல். நிற்கும் காரில் தனியாக மாட்டிக்கொண்டால் அதுவே சிறை. எனவே, வீட்டு வாசலில் நின்றாலும் காரைப் பூட்டியே வையுங்கள். சாவியை விளையாடக் கொடுக்காதீர்கள். விவரம் தெரிந்த பிள்ளையிடம், 'மாட்டிக்கிட்டா முன் சீட்டுக்குத் தாண்டிப் போய்க் கதவைத் திற. முடியலைன்னா ஹாரனை விடாம அடி' என்று சொல்லிக் கொடுங்கள். பல கார்களில் சாவி போடாமலேயே ஹாரன் அடிக்கும். உங்கள் காரில் அடிக்கிறதா என்று பார்த்து வையுங்கள்.

அடுத்தது, ஜன்னல் கண்ணாடி. குற்றாலத்தில் குரங்குத் தொல்லை எல்லாருக்கும் தெரியும். 'ஐயோ, குரங்கு!' என்று முன்னால் இருப்பவர் அவசரமாகப் பொத்தானை அழுத்தும்போது, பின் ஜன்னலில் பிள்ளையின் கையோ, கழுத்தோ இருக்கலாம். தடை பட்டால் தானே இறங்கும் வசதி எல்லாக் கண்ணாடிக்கும் இருப்பதில்லை. டிரைவர் பக்கம் உள்ள ஜன்னல் பூட்டுப் பொத்தானைப் போடச் சொல்லி விட்டால் பிள்ளைகளும் விளையாட முடியாது.

அருவியில் குளித்து, ஈரத்தலையோடு நாலைந்து பேர் ஏறினால், கண்ணாடி முழுக்கப் பனி மாதிரி படியும். செங்கோட்டை தாண்டி மலைப்பாதையில், துண்டால் துடைத்துக்கொண்டே ஓட்டுவது ஆபத்து. காற்றை முன் கண்ணாடிப் பக்கம் திருப்பி, ஏ.சி.யைப் போட்டு, வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்தால் சீக்கிரம் தெளிந்து விடும்.

'குழந்தை தூங்குது, ஏ.சி. ஓடட்டும், ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்துடலாம்' என்ற பேச்சே வேண்டாம். இஞ்சின் நின்று போனால், வெயிலில் பத்தே நிமிடத்தில் காருக்குள் சுமார் 10 டிகிரி சூடு ஏறிவிடும். பெரியவர்களை விடக் குழந்தை உடம்பு மூன்று மடங்குக்கு மேல் வேகமாகச் சூடாகும். ரூம் கிடைக்கவில்லை என்று இஞ்சினை ஓட விட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தூங்குவதும் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்து விடும்.

சாப்பாட்டுக் கூடையை ஏற்றும் முன், 'இது எதுக்கு, அது எதுக்கு?' என்று கணவரிடமோ, டிரைவரிடமோ ஐந்து நிமிடம் கேட்டு, நீங்களே ஒருமுறை அழுத்திப் பாருங்கள், சகோதரிகளே. கேட்பதில் வெட்கம் என்ன இருக்கிறது? நம் பிள்ளைகள் விஷயமாயிற்றே!

— ஒரு வாசகி, தென்காசி.