இருவருக்கும் இருந்தால் ஆணுறை எதற்கு?

மேல்சித்தாமூரிலிருந்து செஞ்சிக்கோ திண்டிவனத்துக்கோ பஸ் ஏறி, அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்துக்குப் போகும் தம்பதிக்கு ஒரு சந்தேகம் வருவது இயல்பு. “எங்க ரெண்டு பேருக்கும்தான் இருக்கே மேடம், இனிமே எதுக்கு ஆணுறை?”

நியாயமான கேள்வி. ஆனால் கணவர் உடம்பில் இருக்கும் எச்.ஐ.வி.யும் மனைவி உடம்பில் இருப்பதும் ஒன்றாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. இந்த வைரஸில் 1, 2 என இரண்டு வகை உண்டு. முதலாவது சிம்பன்சியிடமிருந்தும் இரண்டாவது மேற்கு ஆப்பிரிக்கக் குரங்கு ஒன்றிடமிருந்தும் மனிதருக்கு வந்தவை. 1-லும் பல உட்பிரிவுகள். இந்தியாவில் மிகுதி ‘சி’. இந்த வைரஸ் தன்னைப் பிரதி எடுக்கும்போது அடிக்கடி பிழை விடுவதால், ஒரே பிரிவுக்குள்ளும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஏற்கெனவே தொற்றுள்ளவருக்கு இன்னொரு ரகம் புதிதாகத் தொற்றிய நிகழ்வுகள் 2002-ல் மருத்துவ இதழ்களில் பதிவாயின. இரண்டு ரகம் ஒரே செல்லுக்குள் புகுந்தால், பிரதி எடுக்கும் நொதி ஒரு இழையிலிருந்து மற்றதற்குத் தாவி, இரண்டும் கலந்த புது வைரஸை உண்டாக்கிவிடலாம்.

1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதிக்கப்பட்டன. நாட்டில் எச்.ஐ.வி. முதலில் தெரியவந்தது அப்படித்தான். ஒருவருக்கே 1, 2 இரண்டும் சேர்ந்திருக்கும் தொற்றைப் பற்றியும் அதே சி.எம்.சி. ஆய்வாளர்கள் பின்னாளில் எழுதினார்கள்.

1-ஆ 2-ஆ என்று பார்க்கும் பரிசோதனை அட்டைகளில் ஒரு வகையில் மூன்று புள்ளிக்கு இடமிருக்கும். ஒன்று, சோதனை சரியாக நடந்ததைக் காட்டுவது. மற்றவை 1-க்கும் 2-க்கும். மூன்றும் சிவந்தாலே இரட்டைத் தொற்று என்று முடிவு கட்டக் கூடாது. ஒன்றுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள், மற்றதன் புள்ளியிலும் ஒட்டிக்கொள்ளும். மேல்சோதனைதான் உறுதி செய்யும்.

1, 2 என்ற இந்த வித்தியாசம் ஒரு காலத்தில் வைத்தியத்தையே மாற்றியது. நெவிரபின், எஃபாவிரென்ஸ் மாத்திரைகள் 2-ஆம் வகையிடம் பலிக்காது. இன்று எச்.ஐ.வி.க்கு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையங்களில் தரும் டோலுடெக்ராவிர் கலந்த ஒற்றை மாத்திரை இரண்டையுமே அடக்குகிறது.

எனக்குக் கவலை தருவது வேறு. ஒருவர் மாத்திரையை விட்டு விட்டுச் சாப்பிட்டால், அவர் உடம்பில் மருந்துக்கு அடங்காத ரகம் வளரும். அது துணைக்குப் போனால், நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த மருந்து அவருக்கும் கேட்காமல் போகலாம். அதனால்தான் ஆணுறை. இருவரும் தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கிவிட்டால், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு உடலுறவு வழியாகப் பரவாது. அப்படி இறங்கியிருக்கிறதா என்று சொல்வது வைரஸ் அளவுப் பரிசோதனை. அதுவும் இலவசம்தான், ஏ.ஆர்.டி. மையத்தில் கேளுங்கள்.