கோழியைப் பிளக்க எந்தக் கருவி?

ரயில்வே பணிமனையில் முப்பத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்து 2019-இல் ஓய்வு பெற்றவன் நான். படிப்பு மெக்கானிக்கல் டிப்ளமா. இவன் கோழி வெட்டுவதைப் பற்றி எழுதுவானேன் என்று அன்பர்கள் சிலர் நினைக்கலாம். சைவ அன்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டால் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இது வெறும் சமையல் குறிப்பு அல்ல. எங்கள் சமையலறையில் நடந்த ஒரு விபத்தைப் பற்றியது. அதற்குக் காரணம் நான்தான்.

2022 டிசம்பரில் விடுமுறைக்குப் பேரன் டில்லி வந்திருந்தான். முழுக் கோழியை முதுகில் பிளந்து, புத்தகத்தை விரிப்பதுபோல் விரித்து, அவனில் சுட்டுத் தரவேண்டும் என்றான். ஆசையில் நியாயம் இருந்தது. உருண்டையாக வைத்துச் சுட்டால், தொடை வேகும் முன்பே நெஞ்சுக்கறி வறண்டு சக்கையாகிவிடும். எங்களுடையதைப் போன்ற சின்ன அவனில் கோழியின் நெஞ்சு மேல்கம்பியைத் தொட்டுக் கருகவும் செய்யும். தட்டையாக்கினால் எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரே கனம். வெப்பம் சமமாகப் போகும்.

இங்கே கறிக்கடைக்காரர் "கித்னே பீஸ்?" என்று கேட்டுக்கொண்டே கத்தியை ஓங்கிவிடுவார். நான் "சாபுத், சாபுத்" என்று பதறித் தடுத்து முழுசாக வாங்கி வந்தேன். (தோலோடு வேண்டுமென்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நம் ஊர்போல் மஞ்சள் தடவித் தோலோடு தரும் வழக்கம் இங்கே இல்லை.)

வீட்டில் இருந்தது காய் நறுக்கும் ஆறங்குலக் கத்தி. "இதுக்கு இது ஆகாதுங்க, கடையிலேயே பிளந்து வாங்கிட்டு வாங்க" என்றார் என் துணைவியார். மறுபடி குளிரில் இறங்க எனக்குச் சோம்பல். "கோழி எலும்புதானே, அழுத்தினா போகும்" என்றேன். இடுப்பெலும்புக்கு அருகில் கத்தி நின்றது. அழுத்தினார். ஈரத் தோலில் வழுக்கிய கத்தி இடது கட்டைவிரலின் அடியில் இறங்கிவிட்டது. ஆறு தையல். காயம் பதினைந்து நாளில் ஆறியது. ஆனால் விரல் நுனியில் ஒரு பக்கம் இன்றுவரை உணர்ச்சி சரியாக இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் கையாலேயே பூத்தொடுப்பவர். காம்பு விரலில் தட்டுப்படவில்லை என்று அதை விட்டுவிட்டார். இப்போது கட்டிய பூ வாங்குகிறோம்.

ஸ்பேனரைச் சுத்தியலாகப் பயன்படுத்திய ஒரு பையனை நிற்கவைத்து அரைமணி நேரம் திட்டியவன் நான். வேலைக்கேற்ற கருவி என்று பணிமனையில் எத்தனையோ பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். சொந்தச் சமையலறையில் எனக்கு அது தோன்றவில்லை.

பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். அரிவாள்மணை மீனுக்கும் காய்க்கும் இணையற்றது. ஆனால் அதில் கத்தி நிற்கிறது, கை நகர்கிறது. வழுக்கும் பொருளை அழுத்தித் தள்ளும்போது கையும் கத்தியை நோக்கியே போகும். எலும்புக்கு வேண்டாம். கறிக்கடை வெட்டுக்கத்தி கனமானது, எலும்பைப் பிளக்கும். ஆனால் அதற்குப் புளியமரக் கட்டைபோல் ஒரு அடிக்கட்டை வேண்டும். ஓங்கிய இடத்திலேயே இரண்டாம் அடியும் விழவேண்டும். கவிழ்த்து வைத்த கோழியோ உருளும். போதாக்குறைக்கு எலும்புச் சில்லுகள் கறிக்குள் போகும். மூன்றாவது மாடியில் நாம் ஓங்கினால் இரண்டாவது மாடிக்காரர் வந்து மணியடிப்பார். கனத்த சமையல் கத்தியை வயிற்றுக்குள் விட்டு அழுத்தி அறுப்பவர்களும் உண்டு. அது பழகிய கைக்கு மட்டும்.

மிஞ்சியது கத்தரி. அதிலும் ஒரு முறை ஏமாந்தேன். மீரட் இங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டர். அங்கே கத்தரி செய்வது பல தலைமுறைத் தொழில். 2013-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பழைய வண்டிகளின் எஃகை உருக்கியும் அடித்தும் செய்கிறார்கள். தேய்ந்தால் சாணை பிடித்து மறுபடி உழைக்கும். ஆசையாக ஒன்று வாங்கி வந்தேன். முதல் எலும்பிலேயே வாயில் பல் விழுந்துவிட்டது. குறை கத்தரியில் இல்லை. அது தையற்காரருக்கானது, துணிக்காக மெல்லியதாகத் தீட்டிய விளிம்பு. மறுபடியும் ஸ்பேனர், சுத்தியல் கதைதான்!

எலும்புக்கென்றே கோழிக் கத்தரி கிடைக்கிறது. வாய் குட்டை, சற்றே வளைந்திருக்கும்; பிடி நீளம். இதில்தான் சூட்சுமம். கத்தரி என்பது இரண்டு நெம்புகோல். என்னிடம் இருப்பதில் ஆணியிலிருந்து கைப்பிடி 12 சென்டிமீட்டர். எலும்பை ஆணியிலிருந்து 2 சென்டிமீட்டரில் வைத்தால் கையின் விசை ஆறு மடங்காகிறது. 10 கிலோ அழுத்தம் கொடுத்தால் எலும்பின் மேல் 60 கிலோ. அதே எலும்பை 8 சென்டிமீட்டர் தள்ளி நுனியில் வைத்தால் 15 கிலோதான். ஆகவே எலும்பை உள்ளே தள்ளி வெட்டவேண்டும். அது வெளியே நழுவாமல் இருக்கத்தான் ஆணிக்கு அருகில் ஒரு பிறை வடிவ வெட்டு வைத்திருப்பார்கள். அது இல்லாத கத்தரியை வாங்காதீர்கள். ஒரு வாயில் நுண்ணிய பற்கள் இருந்தால் தோல் வழுக்காது.

கடையிலேயே சோதிக்கலாம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மெல்ல மூடிப் பாருங்கள். இரண்டு வாயும் ஒரு புள்ளியில் மட்டும் தொட்டு, அந்தப் புள்ளி ஆணியிலிருந்து நுனிக்கு நகரவேண்டும். ஆணி தளர்ந்திருந்தால் எலும்பு நொறுங்கும், தோல் நடுவில் மடிந்து மாட்டிக்கொள்ளும். மெல்லிய பாலிதீன் உறையை நுனியால் வெட்டிப் பாருங்கள்; மடித்துக்கொண்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எங்கள் பணிமனையில் தகடு வெட்டும் இயந்திரத்துக்கும் இதே விதிதான்.

இரண்டு பாதியும் தனியே கழலும்படி இருப்பது அவசியம். பச்சைக் கோழியின் சாறு ஆணி இடுக்கில் தங்கினால் கிருமி வளரும். வயதான கைகளுக்குத் தானே திறந்துகொள்ளும் ஸ்பிரிங் நல்லது. ஆனால் பிடி அதிகம் விரிந்தால் சிறிய கைக்கு எட்டாது, ஆகவே யார் வெட்டப்போகிறார்களோ அவரைக் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். இடதுகைக்காரருக்குச் சாதாரணக் கத்தரி உதவாது. அவர் அழுத்தினால் வாய்கள் விலகும்.

வெட்டும் முறை சுலபம். கோழியைக் குழாயடியில் கழுவாதீர்கள். தெறிக்கும் நீரில் கிருமி அடுப்பங்கரை முழுக்கப் பரவும். காகிதத்தால் ஈரத்தை ஒற்றி எடுத்தால் வழுக்கவும் செய்யாது. நெஞ்சு கீழே, வால் உங்கள் பக்கம். முதுகெலும்புக்கு ஒரு சென்டிமீட்டர் தள்ளி வாலிலிருந்து கழுத்துவரை வெட்டுங்கள், மறுபுறமும் அப்படியே. கட்டியாக ஏதாவது தடுத்தால் அது தொடை மூட்டு. மல்லுக்கட்டாமல் முதுகெலும்பை ஒட்டி நகருங்கள். பிறகு திருப்பிப் போட்டு, உள்ளங்கையால் நெஞ்செலும்பை 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். ஒன்றேகால் கிலோ கோழிக்கு 200 டிகிரியில் முக்கால் மணி நேரம் பிடிக்கும். தொடையின் உட்புறம் 74 டிகிரி தொட்டிருக்க வேண்டும்.

கத்தரியைக் கழற்றி, சோப்பும் வெந்நீரும் விட்டுக் கழுவி, துடைத்து, ஆணியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். பழக்கதோஷத்தில் நான் மெஷின் ஆயில் விடப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். (டில்லிக் குளிரில் தேங்காய் எண்ணெயை உருக்கித்தான் சொட்டவேண்டும்!) சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்காதீர்கள், நுண்பற்களை வழித்துவிடுவார்.

கத்தரி வந்தும் துணைவியார் ஒரு வருஷம் அதைத் தொடவில்லை. நான்தான் வெட்டினேன், அவர் வாசற்படியில் நின்று பார்ப்பார். போன குளிர்காலத்தில் பேரன் வந்தபோது நான் ஸ்கேல் வைத்து ஒரு சென்டிமீட்டர் அளந்துகொண்டிருந்தேன். "நீங்க அளந்து முடிக்கறதுக்குள்ள அவன் லீவு முடிஞ்சு ஊருக்கே போயிடுவான், இப்படிக் குடுங்க" என்று கத்தரியை வாங்கிக்கொண்டார். இடது கையைத் தள்ளியே வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் வெட்டி முடித்தார். அந்த முதுகெலும்பை மிளகு சீரகம் தட்டிப்போட்டுச் சூப் வைத்தார். அதை நானும் பேரனும் குடித்தோம்.