தாடை வலிக்கு 'சொடக்கு' சிகிச்சை: ரீல்ஸை நம்பிக் கழுத்தைக் கொடுக்கலாமா?

கொட்டாவி விட்டால் காதுக்குப் பக்கத்தில் 'டக்'. முறுக்கைக் கடித்தால் சுளீர். காதுதான் பிரச்சினை என்று போனால், "காது நல்லாத்தான் இருக்கு" என்கிறார் டாக்டர். போனைத் திறந்தால், கழுத்தைப் படக்கென்று திருப்பி தாடை வலியை விரட்டும் கைரோபிராக்டிக் வீடியோக்கள். போகலாமா?

வலி எங்கிருந்து வருகிறது?

கீழ்த்தாடை மண்டையோட்டுடன் சேரும் மூட்டு, காதுக்குச் சற்று முன்னால் இருக்கிறது. அதன் நடுவே மெத்தை மாதிரி ஒரு சிறு தட்டு. அது கொஞ்சம் நகர்ந்தால் சத்தம் வரும். வலியே இல்லாத வெறும் சத்தத்துக்குப் பெரும்பாலும் சிகிச்சை தேவையில்லை. வலி இருந்தாலும், பல நேரம் அது மூட்டில் இல்லை, மெல்லும் தசைகளில்தான். டென்ஷனிலோ தூக்கத்திலோ பல்லைக் கடிப்பவர்களுக்கு இந்தத் தசைகள் ஓய்வில்லாமல் இறுகிப்போகும்.

கைரோபிராக்டிக் என்ன செய்கிறது?

1895-ல் அமெரிக்காவின் அயோவா மாகாணத்தில் டி.டி.பால்மர் தொடங்கிய முறை இது. தாடை வலிக்கு வருபவர்களிடம் இரண்டு விதமாகக் கை வைப்பார்கள். ஒன்று, தசையை அழுத்தி, தாடையை மெதுவாக அசைப்பது. இன்னொன்று, கழுத்தை வேகமாகத் திருப்பிச் சொடக்கு எடுப்பது. அந்தச் சத்தம் எலும்பு 'இடத்தில் உட்காரும்' சத்தம் அல்ல. மூட்டுத் திரவத்தில் உண்டாகும் வாயுக் குமிழியால் வருவது.

எதற்கு ஆதாரம் இருக்கிறது?

நாள்பட்ட தாடை மூட்டு வலிக்கு 2023-ல் பிஎம்ஜே மருத்துவ இதழ் வெளியிட்ட வழிகாட்டுதல், பயிற்சி பெற்றவர் தாடையை மென்மையாக அசைப்பது, தசை முடிச்சுகளை அழுத்துவது, தாடைப் பயிற்சிகள், மன அழுத்தத்துக்கான பேச்சு சிகிச்சை ஆகியவற்றை வலுவாகப் பரிந்துரைக்கிறது. இதையெல்லாம் பிசியோதெரபிஸ்டிடமே பெறலாம், பேச்சு சிகிச்சைக்கு மட்டும் மனநல நிபுணர் வேண்டும்.

கழுத்துச் சொடக்கில் என்ன ஆபத்து?

கழுத்தை வேகமாகத் திருப்பும்போது, மூளைக்குப் போகும் ரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம். அரிதுதான். ஆனால், தாடை வலிக்காக எடுக்க வேண்டிய ரிஸ்க்கா அது? சலூனில் முடிவெட்டியதும் எடுக்கும் சொடக்குக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். தவிர, இந்தியாவில் கைரோபிராக்டிக்குக்கென்று தனிச் சட்டபூர்வ கவுன்சில் இல்லை. யார் முறையாகப் படித்தவர் என்று நாம்தான் விசாரிக்க வேண்டும்.

முதலில் என்ன செய்யலாம்?

சில வாரங்களுக்கு மென்மையான உணவு. முறுக்கு, சூயிங்கம் வேண்டாம். வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுங்கள். கொட்டாவி வந்தால் தாடைக்குக் கீழே கையை முட்டுக் கொடுங்கள். வேலை நேரத்தில் அடிக்கடி கவனியுங்கள்: உதடு மூடியிருக்கலாம், மேல்-கீழ் பற்கள் ஒட்டக் கூடாது. பலருக்கு இதிலேயே வலி குறைந்துவிடும்.

குறையவில்லையா? பல் மருத்துவரைப் பாருங்கள். எடுத்த எடுப்பிலேயே பல்லைத் தேய்ப்பது, ஆபரேஷன் என்று யாராவது சொன்னால், இன்னொரு மருத்துவரிடமும் கேளுங்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

வாய் திறக்க முடியாமல் பூட்டிக்கொண்டால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தாடை வலியுடன் நெஞ்சு இறுக்கம், வியர்வை இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். கழுத்துச் சொடக்குக்குப் பிறகு தலைசுற்றல், பேச்சுக் குழறல் வந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். இரண்டுக்குமே உடனே 108-ஐ அழையுங்கள்.