பட்டிகளுக்கு ஒரு பட்டி

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, விழிஞ்ஞத்தைத் தாண்டிப் பூவார் வரை நீளும் கடற்கரையில் அடிமலைத்துறை, புல்லுவிளை என்று இரண்டு மீனவர் ஊர்கள் இருக்கின்றன. இடையே சில கிலோமீட்டர் தூரம்தான். 2016 ஆகஸ்டில் ஓர் இரவு, இயற்கை உபாதைக்காகப் புல்லுவிளைக் கடற்கரைக்குப் போன 65 வயதுப் பெண்மணியைத் தெருநாய்க் கூட்டம் கடித்துக் குதறியது. தேடி வந்த மகன் கடலில் குதித்துத் தப்பினார். தாய் பிழைக்கவில்லை. அடுத்த ஆண்டு மே மாதம் அதே ஊர் மீனவர் ஒருவரும் அதே விதமாக உயிரிழந்தார்.

2021 ஜூன் கடைசியில் அடிமலைத்துறை. கடலில் குளித்துவிட்டு ஒரு படகுக்கு அடியில் படுத்திருந்த புரூனோ என்ற லாப்ரடார் நாயை மூன்று பேர் சேர்ந்து தொங்கவிட்டு, கட்டையால் அடித்தே கொன்று கடலில் வீசினார்கள். அந்த வீடியோ நாடு முழுவதும் சுற்றியது. கேரள உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு, செத்துப்போன நாயின் பெயரையே அந்த வழக்குக்கு வைத்தது.

முதல் சம்பவத்துக்குப் பிறகு நாய்களைக் கொல்ல வேண்டும் என்ற கூச்சல் மாநிலமெங்கும் எழுந்தது. பாலாவில் ஒரு கல்லூரியின் பழைய மாணவர் சங்கம், அதிகமான நாய்களைக் கொல்லும் உள்ளாட்சிக்குத் தங்கக் காசு என்று அறிவிக்கும் அளவுக்கு அது போயிற்று. இரண்டாவது சம்பவத்துக்குப் பிறகு கூச்சல் எதிர்த்திசையில். இந்த இரண்டு கூச்சலையும் காதில் போட்டுக்கொள்ள நேரமில்லாமல், காலையில் கையுறையை மாட்டிக்கொண்டு கூண்டு கழுவப் போகிறவர்கள் சிலர் இந்த நகரத்தில் இருக்கிறார்கள். சம்பளம் கிடையாது. கடி நிச்சயம் உண்டு.

மொழிபெயர்ப்பாளனுக்கு இங்கே ஒரு சின்ன வேடிக்கை காத்திருக்கிறது. மலையாளத்தில் பட்டி என்றால் நாய். தமிழில் பட்டி என்றால் ஆடுமாடுகளை அடைக்கும் தொழு. கட்டுக்கடங்காமல் ஊர் மேயும் மாட்டைப் பட்டிமாடு என்றும் நாம் சொல்வதுண்டு. ஆக, திரிவதும் பட்டி, அடைப்பதும் பட்டி. நாகர்கோவில் பக்கத்துக்காரர்கள் இரண்டு அர்த்தத்திலும் இந்தச் சொல்லைப் புரிந்துகொள்வார்கள். வெறிநாய்க்கு மலையாளத்தில் பேப்பட்டி. பேய் பிடித்த நாய் என்று கொள்ளலாம். நோயின் பயங்கரத்தை நம் சொல்லைவிட அது நன்றாகவே சொல்லிவிடுகிறது.

காப்பகம் என்றதும் பசும்புல், ஓடி விளையாடும் குட்டிகள் என்று நினைத்துக்கொண்டு வரும் புதிய தன்னார்வலர்களில் பலர் முதல் வாரத்தோடு நின்றுவிடுவதில் வியப்பில்லை. எந்தக் காப்பகத்திலும் காலை நேரம் நாற்றத்தோடுதான் தொடங்குகிறது. முதல் வேலை கழுவுவது. அதிலும் ஒரு சாஸ்திரம் இருக்கிறது. நாய்க்குட்டிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோகும் பார்வோ வைரஸ் பினாயிலுக்கு மசியாது. பிளீச்சிங் பவுடர் கரைசல்தான் அதற்கு மருந்து. ஆரோக்கியமான குட்டிகளின் கூண்டை முதலில் கழுவி, நோய்ப் பிரிவை எல்லாவற்றுக்கும் கடைசியில் கழுவ வேண்டும். வரிசையை மாற்றிவிட்டால், கழுவப் போனவரின் செருப்பே நோயைச் சுமந்து போகும்.

இடவப்பாதி மழையும் துலாவர்ஷமும் வந்துவிட்டால் வேலை இரட்டிப்பு. மனிதன் வெட்டியதோ, வண்டி மோதியதோ, சண்டையில் கிழிந்ததோ, ஈரத்தில் எந்தப் புண்ணிலும் இரண்டே நாளில் புழு வைத்துவிடுகிறது. டர்பன்டைன் எண்ணெய் தொட்டு வைத்து, புழுக்கள் மூச்சுக்காக மேலே வரும்போது இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். ஒரு தலைப் புண்ணுக்கு ஒரு மணி நேரம் சர்வ சாதாரணம். தெருநாய்களிடம் இணைசேர்வதால் பரவும் ஒரு வகைப் புற்றுக்கட்டி அதிகம். வாரம் ஓர் ஊசியாக வின்கிறிஸ்டின் கொடுத்தால் பெரும்பாலும் கரைந்துபோகும். ஆனால் நாலைந்து வாரம் அந்த நாய் கூண்டை அடைத்துக்கொள்ளும். அத்தனை நாளும் வாசலில் புதிதாக வருவதற்கு இடமில்லை.

வாசலுக்கு வருவதில் நாடகத்துக்குக் குறைவில்லை. விடியற்காலையில் அட்டைப்பெட்டியில் கண் திறக்காத குட்டிகள் இருக்கும். கேட்டில் ஜெர்மன் ஷெப்பர்டைக் கட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போகும் கார்கள் உண்டு. கடற்காற்றின் புழுக்கத்தில் மூச்சுவாங்கும் ஹஸ்கிகளைக்கூட ஆசைக்கு வாங்கி அலுத்ததும் விட்டுவிடுகிறார்கள். இவற்றைத் தெருவில் விடவும் முடியாது, ஒரு வாரம் தாங்காது. உயர்ஜாதி நாய்க்குத் தத்தெடுக்க ஆள் கிடைக்கும். நாட்டுக் குட்டிக்கு, அதிலும் பெண் குட்டிக்கு, கிடைப்பது கடினம். ஜாதி என்ற சொல்லை மனிதர்களுக்குப் பயன்படுத்தக் கூசுகிறவர்களும் நாய் விஷயத்தில் கூசுவதில்லை.

தெருவில் பசித்துத் திரியும் எல்லா நாயையும் பிடித்து அடைத்துவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு இந்தக் கூண்டுக் கணக்கே பதில். நூறு நாய்க்குக் கட்டிய இடத்தில் முந்நூறை அடைத்தால் நோயும் சண்டையும் அவற்றைப் பாதியாக்கிவிடும். உள்ளே வந்த நாய் வெளியே போக வழி இருந்தால்தான் அது காப்பகம். தத்தெடுக்க ஒரு வீடு, அல்லது சிகிச்சையும் கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்து அது வந்த தெரு. மூன்றாவது வழி கிடையாது. 2001இல் வந்து, 2023இல் புதுப்பிக்கப்பட்ட மத்திய அரசின் விதிகள் சொல்வதும் இதுதான். பிடித்த இடத்திலேயே விட வேண்டும், அடையாளத்துக்குக் காதில் வெட்ட வேண்டும்.

இங்கேதான் தன்னார்வலரின் மதிப்பு தெரிகிறது. மாநகராட்சியிடம் வண்டி இருக்கிறது, வலை இருக்கிறது. பேட்டையிலும் திருவல்லத்திலும் கருத்தடை மையங்கள் இருக்கின்றன. ஆனால் எந்த நாய் எந்தத் தெருவைச் சேர்ந்தது, எது குட்டி போடும் நிலையில் இருக்கிறது, எதற்கு ஏற்கெனவே அறுவை ஆயிற்று என்பதெல்லாம் வண்டிக்குத் தெரியாது. தினமும் சோறு வைக்கும் பெண்மணிக்குத் தெரியும். வலையைக் கண்டதும் பத்து நாய் பத்துத் திசையில் ஓடும். அதே நாய்கள் அவர் கூப்பிட்டால் வாலை ஆட்டிக்கொண்டு வந்து நிற்கும். ஒரு பேட்டையில் தப்பிவிடும் இரண்டு பெண் நாய்கள் போதும், பிடித்து அறுவை செய்த உழைப்பெல்லாம் அடுத்த ஆண்டு வீணாவதற்கு.

2020 ஊரடங்கு இந்த உறவுக்கு ஒரு சந்தர்ப்பம் தந்தது. ஓட்டல்கள் மூடிவிட்டதால் தெருநாய்கள் பட்டினி கிடக்கும் என்று முதலமைச்சர் பினராயி விஜயனே செய்தியாளர் சந்திப்பில் சொல்லி, உணவு கொடுக்கும்படி மக்களைக் கேட்டுக்கொண்டார். சாஸ்தாம்கோட்டைக் கோயில் குரங்குகளும் அந்தப் பேச்சில் இடம்பெற்றன. அதுவரை திட்டு வாங்கிக்கொண்டு இருட்டில் சோறு வைத்தவர்கள் பகலில் வெளியே வந்தார்கள்.

ஆனால் சோறு மட்டும் வைத்துவிட்டுப் போகிறவர்களைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. இரக்கம் உண்மைதான். கருத்தடைக்குப் பிடித்துக் கொடுக்க மாட்டேன், அறுவை பாவம் என்று சொல்லிக்கொண்டு, அடுத்தவன் வீட்டு வாசலில் சோற்றைக் கொட்டுகிறவர் அந்தத் தெருவில் நாய்க்கு எதிரிகளைத்தான் வளர்க்கிறார். காப்பகங்களில் வேலை பார்க்கிறவர்கள் இதைச் சொல்லத் தயங்குகிறார்கள். நன்கொடையில் ஒரு பகுதி அத்தகையவர்களிடமிருந்துதான் வருகிறது.

பயம் பொய்யில்லை. என் சிறுவயதில் நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. குன்னூரில் 1907இல் தொடங்கிய பாஸ்டர் நிலையம் தயாரித்த, ஆட்டு மூளையிலிருந்து எடுத்த மருந்து அது. எங்கள் தெருவில் ஒரு பையன் அந்த ஊசிக்குப் பயந்து கடித்ததையே மறைத்துவிட்டான். அவன் பிழைத்தது அந்த நாயின் புண்ணியம். 2004 டிசம்பரோடு அந்த மருந்து நாட்டில் நிறுத்தப்பட்டது. இப்போது கையில் நாலு தவணை: முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். கடித்தவுடன் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுவது அதைவிட முக்கியம். ஆழமான கடியென்றால் இம்யூனோகுளோபுலினும் வேண்டும். இவ்வளவு இருந்தும், தடுப்பூசி தொடங்கிய பிறகும் கேரளத்தில் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். 2022இல் பத்தனம்திட்டா மாவட்டத்தில் ஒரு சிறுமி. 2025இல் மலப்புறத்திலும் கொல்லத்திலும் ஒவ்வொருவர். முகத்திலோ தலையிலோ கடித்தால் வைரஸ் மூளைக்குப் போகும் தூரம் குறைவு, மருந்துக்குக் கிடைக்கும் அவகாசமும் குறைவு. அந்தப் பெற்றோர்களிடம் போய் ஜீவகாருண்யம் பேச யாருக்கு வாய் வரும்?

காப்பகத்தில் மிகக் கடினமான பணி இதனோடு சம்பந்தப்பட்டதுதான். கடித்த நாயைப் பிடித்துத் தனிக்கூண்டில் பத்து நாள் வைத்துப் பார்ப்பது. கடித்தபோது அதன் எச்சிலில் வைரஸ் இருந்திருந்தால் பத்து நாளுக்குள் நாய் நோய்ப்பட்டுச் செத்துவிடும். பத்தாவது நாளும் அது தட்டை நக்கிக்கொண்டு நின்றால், கடிபட்டவர் வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கலாம். இதற்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது என்பது வேறு. அந்தப் பத்து நாளும் தண்ணீர்த் தட்டை நீளக் கம்பியால் தள்ளி வைக்கிறவர், முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொண்ட ஒரு தன்னார்வலராகவே பெரும்பாலும் இருப்பார். நாய் செத்துவிட்டால் மூளைத் திசுவைப் பாலோடில் உள்ள மாநில விலங்கு நோய் நிலையத்துக்கு அனுப்பி உறுதி செய்ய வேண்டும். முடிவு எதுவானாலும் கடிபட்டவர் வீட்டுக்குத் தகவல் போய்ச் சேர வேண்டும். சோறு வைத்தவரே கடிபட்டவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய், இந்தத் தகவலையும் கொண்டுவந்து கொடுத்தால் தெருச் சண்டை பாதியில் நின்றுவிடும் என்பது என் கணிப்பு.

கேரளத்தில் கருத்தடைத் திட்டம் சறுக்கியதற்கு ஒரு காரணம் சட்டச் சிக்கல். பல மாவட்டங்களில் குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்களே இந்த வேலையைச் செய்து வந்தன. பிராணிகள் நல வாரியத்தின் அங்கீகாரம் இல்லை என்று 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அதை நிறுத்திவிட்டது. மாற்று ஏற்பாடு தயாராக இல்லை. நாய்கள் நீதிமன்றத்துக்காகக் காத்திருக்கவில்லை.

இன்னொரு காரணத்தை மூக்கே காட்டிக்கொடுக்கும். திருவனந்தபுரத்தின் குப்பையெல்லாம் போய்ச் சேர்ந்த விளப்பில்சாலை ஆலை, உள்ளூர் மக்களின் எதிர்ப்பால் 2011 டிசம்பரில் மூடப்பட்டது. ஊர்க்காரர்களின் கோபம் நியாயமானது. ஆனால் அதன் பிறகு கோழிக்கடைக் கழிவும் கல்யாண மண்டபத்து எச்சிலிலையும் எங்கே போயின என்பதைச் சாலை ஓர நாய்களைக் கேட்டால் தெரியும். புல்லுவிளையில் மீன் கழிவு. அந்தப் பெண்மணி இருட்டில் கடற்கரைக்குப் போக வேண்டியிருந்ததும் நாயின் குற்றமில்லை. அவர் இறந்து மூன்று மாதம் ஆவதற்குள், 2016 நவம்பர் 1ஆம் தேதி, திறந்தவெளியில் மலம் கழிக்கும் வழக்கம் ஒழிந்த மாநிலமாகக் கேரளம் அறிவிக்கப்பட்டது.

கொன்று தீர்க்கும் வழியை நம் சென்னை நெடுங்காலம் முயன்று பார்த்திருக்கிறது. 1860இல் தொடங்கிய நாய் ஒழிப்பு 1990களின் நடுவில் நாளொன்றுக்கு 135 நாய் வரை போனது என்பது புளூ கிராஸ் அமைப்பின் கணக்கு. நாய் குறையவில்லை, வெறிநோயும் குறையவில்லை. 1959இல் கேப்டன் சுந்தரமும் அவர் மனைவி உஷாவும், இருவரும் விமானிகள், தொடங்கிய அமைப்பு அது. தியாகராய நகரில் மழை வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு குட்டிகளைத் தூக்கிவந்ததில் ஆரம்பித்த கதை. 1964 முதலே கருத்தடை யோசனையை அவர்கள் சொல்லிவந்தார்கள். மாநகராட்சி காது கொடுத்துக் கேட்டது 1996இல். கோவாவில் தடுப்பூசிக் குழுக்கள் தெருத்தெருவாகப் போய், நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு ஊசி என்ற இலக்கை விடாமல் துரத்தின. 2021இல் அந்த மாநிலம் வெறிநோய் கட்டுப்படுத்தப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது.

2025இல் உச்ச நீதிமன்றம் மூன்று மாதத்துக்குள் மூன்று விதமாகப் பேசியது. ஆகஸ்ட் 11இல் டில்லி நாய்களையெல்லாம் அடை என்றது. 22இல், ஊசி போட்டுப் பழைய இடத்தில் விடு, வெறியும் மூர்க்கமும் உள்ளவை தவிர என்றது. நவம்பர் 7இல், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடித்தவற்றைத் திரும்ப விடாமல் காப்பகத்தில் வை என்றது. காப்பகம் எங்கே என்பதுதான் கேள்வி. எந்த ஊரிலும் ஒரு காப்பகத்துக்கு இடம் பார்த்தால், முதலில் எதிர்ப்பது பக்கத்து வீடுகள். நாயை அடைக்க வேண்டும் என்று கோருகிறவர்களே, என் வீட்டுப் பக்கம் வேண்டாம் என்று மனுவும் கொடுக்கிறார்கள்.

சட்டம் நாயின் உயிருக்கு வைத்த விலையும் சொல்லத்தக்கது. 1960ஆம் ஆண்டு வதைத் தடுப்புச் சட்டப்படி முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை. அன்றைக்கு அது பெரிய தொகை. இன்றைக்குப் புண்ணுக்குப் போடும் ஒரு மருந்துக் களிம்பு அதைவிட அதிகம்.

அறுவை முடிந்த நாயைக் குறைந்தது நாலு நாள் வைத்திருந்து, தையல் காய்ந்ததும் வண்டியில் ஏற்றுகிறார்கள். கதவைத் திறந்ததும் சில நாய்கள் பாய்ந்து ஓடும். சில இறங்க மறுத்து மூலையில் ஒடுங்கும். தெருவை மோந்து பார்த்து, டீக்கடை மணத்தை அடையாளம் கண்டுகொண்ட பிறகுதான் கால் எடுத்து வைக்கும். டீக்கடைக்காரர் காதிலுள்ள வெட்டைப் பார்த்துவிட்டு, "இது குட்டி போடாதில்லையா?" என்று கேட்பார். போடாது என்று சொல்லி, அடுத்த தெருவில் இன்னும் பிடிபடாத கறுப்பு நாயை எந்த நேரத்தில் பார்க்கலாம் என்று அவரிடமே விசாரித்துக்கொண்டு வண்டியில் ஏறுவார்கள்.